ஐம்பது கிலோவுக்குக் கீழே

காலை ஆறு மணிக்குக் குத்துச்சண்டைக் கூடத்தின் நடைவழியில் வரிசை நிற்கும். வரிசையின் முனையில் எடை இயந்திரம். அதற்கு மேலே, ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொருத்தியும் செருப்பைக் கழற்றி, தலையில் செருகிய கிளிப்பைக்கூட எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பாள். மாஸ்டர் எண்ணைப் படிப்பார். பின்னால் நிற்பவள் எழுதிக்கொள்வாள்.

அன்று கொசு ஏறி நின்றாள்.

"நாப்பத்தொம்போது எண்ணூறு," என்ற மாஸ்டர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். "ஏய், நிஜமாவே நாப்பத்தொம்போது எண்ணூறுதான்!"

கொசு என்பது மாஸ்டர் வைத்த பெயர். வருவாள், குத்துவாள், எதிரி கையை ஓங்குவதற்குள் காணாமல் போய்விடுவாள். இருபத்தாறு வயது. இயல்பான எடை ஐம்பத்து நாலுக்கும் மேலே. போட்டியிடுவதோ ஐம்பது கிலோ பிரிவில். இரண்டு வருடமாக ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடி, சோற்றைக் குறைத்து, கடைசி நாளில் எச்சில்கூடத் துப்பித்தான் அந்த எடையைத் தொட்டிருக்கிறாள். இந்த முறை தேசிய அணித் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே, கோட்டு இல்லாமல், பட்டினி இல்லாமல் எடை தானாக இறங்கியிருந்தது.

"பாத்துக்கோங்கடி எல்லாரும்," என்றார் மாஸ்டர். "கட்டுப்பாடுன்னா இதுதான்."

கொசுவுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல்தான் இருந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக் குழாயில் வாய் வைத்துக் குடங்குடமாகத் தண்ணீர் குடித்தாள். அரை மணிக்கு ஒரு தடவை சிறுநீர் கழித்தாள். மூன்றாவது சுற்றில் கால்கள் அவளுடையவை இல்லை போல இருந்தன. சுவர்க் கடிகாரத்தின் எண்கள் மங்கலாகத் தெரிந்தன.

வேறு எங்காவது இருந்திருந்தால் யாராவது "என்னம்மா இப்படி இளைச்சுட்டே, டாக்டரைப் பாரு" என்று சொல்லியிருப்பார்கள். இந்தக் கூடத்தில் தாகம் ஒரு நோய் அல்ல. அது பயிற்சியின் ஒரு பகுதி. இளைப்பதற்குக் கைத்தட்டல் கிடைக்கும்.

*

தேர்வுக்கு முன்னால் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், கொசுவை மட்டும் வரச் சொல்லித் தொலைபேசி வந்தது. டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மேசையில் ஒரு காகிதமும் ஒரு பேனாவும் தவிர வேறு எதுவும் இல்லை.

"எவ்வளவு நாளா எடை குறையுது?"

"ரெண்டு மாசமா. அஞ்சு கிலோ." கொசு சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இதுக்கு உங்களை யாராவது பாராட்டினாங்களா?"

"எல்லாருமே."

டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். பிறகு நிதானமாக விளக்கினார். "உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கு. கிருமி வந்தா அடிச்சு விரட்டுறது அதோட வேலை. உங்களுக்கு அது ஆள் மாறி அடிச்சிருக்கு. கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை எதிரின்னு நெனச்சுடுச்சு. டைப் ஒன் சர்க்கரை நோய். சின்ன வயசுலதான் அதிகம் வரும். பெரியவங்களுக்கும் வரும்."

"நடுவர் இல்லையா டாக்டர், நிறுத்தச் சொல்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இல்ல. இனிமே நீங்கதான் நடுவர்."

"நான் இனிப்பே தொடுறதில்லையே?"

"இனிப்பால வந்ததில்ல. நீங்க செஞ்ச எதனாலயும் வரல. அதை முதல்ல மனசுல போட்டுக்கோங்க."

வாழ்நாள் முழுக்க ஊசி. பேனா மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று தினம் ஒரு தடவை, இன்னொன்று ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் முன்னால். எல்லோரையும் குத்துகிற கொசுவுக்கே ஊசியா என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

"மருந்து கூடிப்போனாலோ சாப்பிடாம போட்டாலோ சர்க்கரை மடமடன்னு எறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாம கோபம் வரும், பேச்சு குழறும். உடனே குளுக்கோஸ் வாயில போடணும். ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடக் கூடாது. பொட்டலம் எப்பவும் பையில இருக்கட்டும்."

"நான் விளையாடலாமா?" அவள் கேட்க வந்தது அது ஒன்றுதான்.

"தாராளமா. ரெண்டு விஷயம். ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அப்புறம், இன்சுலின் விளையாட்டுல தடை செஞ்ச மருந்துப் பட்டியல்ல இருக்கு. நோய் இருக்குன்னு எழுதிக் குடுத்தா அனுமதி தருவாங்க. இந்தப் படிவத்தை நிரப்பி உங்க கோச்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

கொசு படிவத்தை நாலாக மடித்தாள்.

*

அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மகள் சொன்னதை முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"மாஸ்டர்கிட்ட மட்டுமாவது..."

"அவர்கிட்டதான் முதல்ல சொல்லக் கூடாது. பழைய கடையில எனக்கு முதுகு வலிக்குதுன்னு ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தேன். மறுநாள் என் மேசையில வேற ஒருத்தி நிக்கிறா. உன் இடத்துல நிக்க ஆள் இல்லாமலா இருக்கு?"

மருந்துப் பேனாக்கள் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறித் தட்டுக்கு அடியில் ஒளிந்தன. படிவம் துணிகளுக்கு அடியில் போனது.

கூடத்தில் கொசு கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டாள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. மூன்றாம் நாளே கதவு திறந்துகொண்டது. வெளியே நெட்டை நின்றாள்.

நெட்டை அவளோடு ஜோடி கட்டிப் பயிற்சி செய்கிறவள். ஐம்பத்து நாலு கிலோ பிரிவு. அவளுடைய உயரத்துக்கு அந்த எடை பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு முறையும் அரை உயிராகித்தான் தொடுவாள். வாய் மட்டும் எப்போதும் முழு உயிரோடு இருக்கும்.

"அடிப்பாவி! இதுதானா சங்கதி? நானும் பட்டினி கிடந்து சாவுறேன், இவ மட்டும் எப்படி பஞ்சு மாதிரி எறங்குறான்னு பாத்தேன். எடை குறையுற ஊசியா?"

உண்மை கொசுவின் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது. பொய் சொல்ல அவள் மெனக்கெட வேண்டியதே இல்லை. நெட்டையே ஒரு பொய்யைத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எடைக்குத்தான். யார்கிட்டயும் சொல்லிடாதேடி."

"சொல்ல மாட்டேன். எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

"பாக்கலாம்."

நெட்டை போகவில்லை. கொசு சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, பேனாவின் முனையைத் திருகி ஊசி போடுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். நல்ல வீராங்கனை அவள். எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

*

இன்சுலின் வேலை செய்யத் தொடங்கியதும் கொசுவுக்குக் கண் தெளிந்தது. கால்கள் திரும்பி வந்தன. மூன்றாவது சுற்றை முடித்துவிட்டு நாலாவது சுற்றும் கேட்டாள். எடையும் திரும்பி வந்தது. ஐம்பது எழுநூறு. ஐம்பத்தொன்று தொள்ளாயிரம். ஐம்பத்து மூன்று.

"என்ன கொசு," என்றார் மாஸ்டர், "யாரோட ரத்தத்தை இப்படி மாஞ்சு மாஞ்சு குடிச்சே?"

வரிசை முழுவதும் சிரித்தது. கொசுவும் சிரித்தாள். அவள் பெயருக்கு நேரே மாஸ்டர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். இந்தத் தேர்வில் தோற்றால் அடுத்தது நாலு வருடம் கழித்து. அப்போது அவளுக்கு முப்பது. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அவ்வளவு அர்த்தமும் உண்டு என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு நாள் மறதியாக இரண்டு வேளை ஊசி தவறியது. மறுநாள் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது.

கொசு அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசியைக் குறைத்தால் எடை குறையும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானே கண்டுபிடித்தாள். ஊசி இல்லாவிட்டால் சாப்பிட்டது உடம்பில் சேராது. சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே போகும். உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துத் தின்னத் தொடங்கும். ரத்தம் மெல்ல மெல்ல நஞ்சாகும். எடை இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது குறைந்ததை மட்டும் சொல்லும்.

அடுத்த வாரம் முழுவதும் பாதி மருந்துதான் போட்டாள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அதையும் நிறுத்தினாள்.

"மறுபடியும் எறங்கிடுச்சே!" நெட்டை அவள் காதில் கிசுகிசுத்தாள். "நடுவுல ஊசி வேலை செய்யலையோன்னு நெனச்சேன். இப்ப நல்லாவே வேலை செய்யுது, என்ன?"

கொசு பதில் சொல்லவில்லை. நெட்டை அந்த மௌனத்தை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள்.

*

தேர்வு வேறொரு ஊரில் நடந்தது. வீராங்கனைகள் தங்கும் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. காலை ஏழு மணிக்கு எடை பார்க்க வேண்டும். ஆறு மணிக்குக் கொசு எழுந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தலை கல்லாகக் கனத்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில், இரண்டு நாளாக ஒரு பருக்கைகூடத் தொடாத நெட்டை, அவளுடைய பையைத் திறந்தாள்.

எடை பார்க்கும் கூடத்தில் நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மாஸ்டர் வரிசையின் ஓரத்தில் நின்று இருவருடைய அடையாள அட்டைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாரேன், எனக்கு எப்படி வேர்க்குது," என்றாள் நெட்டை சந்தோஷமாக. "முந்நூறு கிராம்தான் அதிகம். இந்த வேர்வையிலேயே போயிடும்."

கொஞ்ச நேரத்தில் அவள் கைகள் நடுங்கின. முன்னால் நின்றவள் லேசாக இடித்ததற்கு, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று சீறினாள். பிறகு எதற்காகச் சீறினோம் என்று மறந்தவள் போல விழித்தாள்.

"பட்டினி," என்றார் மாஸ்டர். "எல்லாருக்கும் இருக்கறதுதான். இன்னும் நாலு பேர்தான். பல்லைக் கடிச்சிக்கோ."

கொசு அவளைத் திரும்பிப் பார்த்தாள். நடுக்கம். வியர்வை. காரணமில்லாத கோபம். இந்தப் பட்டியலை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள்.

"என்னடி பண்ணே?"

"உன் ஊ... ஊசி..." நெட்டையின் நாக்கு குழறியது. "நீ போடுறதுல ரெண்டு மடங்கு. நான் நெட்டை இல்லையா..."

கொசு பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனதும் நெட்டை உதட்டை இறுக மூடிக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எடை போடும்வரை வாயில் எதுவும் படக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது. பத்து வருடப் பழக்கம் அது.

மாஸ்டர் கொசுவின் மணிக்கட்டைப் பிடித்தார். "உனக்கென்ன கிறுக்கா? ரெண்டு நாள் கஷ்டப்பட்டிருக்கா. இன்னும் ரெண்டு நிமிஷம். எடை போட்டுட்டு எவ்வளவு வேணும்னாலும் தின்னட்டும்."

அதிகாரிகளின் மேசை மூன்று அடி தள்ளி இருந்தது. கொசு ஒரு தடவை அந்த மேசையைப் பார்த்தாள். ஒரு தடவை நெட்டையின் கண்களைப் பார்த்தாள். அவை எதையும் பார்க்கவில்லை.

"மாஸ்டர், கையை விடுங்க. அது இன்சுலின். என்னோடது. எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு, ஒரு மாசத்துக்கும் மேலா மறைச்சு வெச்சிருக்கேன். அவ அதை எடை குறையுற ஊசின்னு நெனச்சுப் போட்டுக்கிட்டா. நான்தான் அப்படிப் பொய் சொன்னேன். இப்ப சர்க்கரை குடுக்கலன்னா அவ செத்துடுவா."

மெதுவாகப் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள். அன்று அவள் குரல் கூடத்தின் கடைசிச் சுவர் வரை போனது.

மாஸ்டர் கையை விட்டார். பிறகு நெட்டையின் தாடையைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியில் கத்துவது போலவே கத்தினார். "வாயைத் திற! நான் சொல்றேன், திற!"

வாயை மூடச் சொல்லிக் கொடுத்த குரலுக்குத்தான் அந்த வாய் திறந்தது. கொசு பொடியைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் திணித்துத் தேய்த்தாள். போட்டி டாக்டர் ஓடிவந்தார். நெட்டையின் கையில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறந்து, "எடை போட்டாச்சா?" என்று கேட்டாள்.

கொசு அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் அவள் பக்கம் குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தார். அழுகிய பழத்தின் வாடை.

"நீ கடைசியா எப்பம்மா ஊசி போட்டே?"

"முந்தாநாள்."

டாக்டர் இரண்டாவது ஆம்புலன்ஸுக்கும் சொல்லி அனுப்பினார்.

*

மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்கள். ஒருத்திக்குச் சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருந்தது. இன்னொருத்திக்கு ஆகாயத்துக்கு ஏறியிருந்தது.

"நம்ம ரெண்டு பேரையும் ஒரு குண்டான்ல ஊத்திக் கலக்கி, ரெண்டாப் பிரிச்சா சரியா வந்திருக்கும்," என்றாள் நெட்டை.

கொசு சிரிக்க முயன்றாள். அழுகை வந்தது. "மன்னிச்சுடுடி. அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்." நெட்டை புரண்டு அவள் பக்கம் திரும்பினாள். "இதுக்கு அது தேவலை."

மாஸ்டர் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் இந்த முறை அணியில் இடமில்லை என்பதை மேசையிலிருந்த அதிகாரி அவரிடம் மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

"கொசு, உனக்கு அஞ்சு கிலோ குறைஞ்சப்போ நான் கைத்தட்டினேன் இல்ல?"

"ஆமா மாஸ்டர்."

"நல்லா இருக்கியான்னு கேட்டேனா?"

இல்லை என்று அவள் தலையசைத்தாள்.

"இருபது வருஷமா அந்த மெஷின் சொல்றதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அதுமேல ஏறி நின்ன பொண்ணை ஒரு நாளும் கேட்டதில்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் அம்மா வந்தாள். கையில் மாற்றுத் துணி. அதன் மேல் அந்தப் படிவம். நாலாக மடித்த கோடுகள் தெரியாதபடி அதை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"வாயை மூடுன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் மாஸ்டரிடம். "வேலை போயிடும்னு பயந்தேன். உயிர் போயிடும்னு எனக்குத் தோணல." படிவத்தை அவரிடம் நீட்டினாள். "எங்க கையெழுத்துப் போடணும்னு பாருங்க."

மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். அதைப் பார்த்தார். மறுபடியும் பையில் போட்டுவிட்டு, நர்ஸிடம் நீலப் பேனா கேட்டு வாங்கினார்.

*

அனுமதி வர இரண்டு மாதம் ஆனது. இப்போது நெட்டை ஐம்பத்தேழு கிலோ பிரிவில் விளையாடுகிறாள். கொசு ஐம்பத்து நாலில். இருவரும் காலை உணவு சாப்பிட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். "சாப்பிட்டா குத்து இவ்வளவு பலமா விழும்னு தெரியாமப் போச்சே," என்று நெட்டை தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறாள்.

நடைவழியில் வரிசை இன்னும் நிற்கிறது. நோட்டுப் புத்தகமும் தொங்குகிறது. அதில் எடைக்குப் பக்கத்தில் மாஸ்டர் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார். தூக்கம், தாகம், வலி என்று மூன்று கேள்விகள். வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் கைத்தட்டல் கிடையாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும். முதலில் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றே எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து ஒருத்தி "முழங்கால் வலிக்குது" என்று எழுதினாள். அவள் இடம் பறிபோகவில்லை என்று தெரிந்த பிறகு, மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள்.

கொசு இப்போது கழிப்பறைக்குள் போவதில்லை. நடைவழி பெஞ்சில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, பேனாவின் முனையைத் திருகுகிறாள். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, இன்னும் ஒரு மாதத்தில் மூன்று கிலோ குறைக்க வேண்டியவள், அருகில் வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, அது என்ன ஊசி? எடை குறையுறதுக்கா?"

நெட்டை கையுறையைக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று கொசுவைப் பார்த்தாள்.

"இல்ல. இது இன்சுலின். எனக்குச் சர்க்கரை நோய், டைப் ஒன். இது இல்லாம நான் உயிரோட இருக்க முடியாது. உனக்கு இதைப் போட்டா நீ உயிரோட இருக்க மாட்டே."

புதியவள் ஒரு அடி பின்னால் போனாள். "நோயை இப்படி எல்லார் முன்னாடியும் சொல்றீங்களே அக்கா, வெக்கமா இல்லையா?"

கொசு ஊசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"நோய் வந்தது என் தப்பு இல்ல. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நான் வெக்கப்படுறது மறைச்சதுக்கு. நோய் எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. அதை மறைச்சதுல சாகக் கிடந்தது இவ." நெட்டையைச் சுட்டிக் காட்டினாள். "உடம்புக்கு என்னன்னு வாயைத் திறந்து சொல்லு. கேக்குறவங்களும் காது குடுத்துக் கேளுங்க. அவ்வளவுதான்."

மாஸ்டர் விசில் ஊதினார். கொசு எழுந்து பேனாவை மூடி, நோட்டுப் புத்தகத்துக்குக் கீழே இருந்த தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு உள்ளே போனாள்.